பூஜை நாளில் விழித்த கணினி

கணினி நடைமுறைக் கையேட்டின் ஏழாம் பிரிவு இப்படிச் சொல்கிறது: "ஒரு கணினியைத் தொலைவிலிருந்து கையாள விரும்புபவர், அதன் பயனர் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே அதைச் செய்யலாம். திரையில் தோன்றும் ஆறு இலக்க எண்ணைப் பயனர் தம் வாயால் படித்துச் சொன்ன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்." நல்ல விதி. அதை எழுதியது நான். தலைமையகம் ஒரு காற்புள்ளியை மட்டும் இடம் மாற்றி, கீழே தன் பெயரைப் போட்டுக்கொண்டது.

போன வாரம் தினேஷ் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் என் நாற்காலிக்கு வந்திருப்பவன்.

"அக்கா, புது மெஷினுங்க வந்திருக்கு. எல்லாத்துலயும் ரிமோட் ஆன் பண்ணிடுன்னு கே.எல். ஹெட் ஆபிஸ்லேர்ந்து சொல்றாங்க. அந்த உள் மெனுவுக்குள்ள எப்படிப் போறது?"

"கையேட்டப் படிச்சியா?"

"படிச்சேன்கா. அதான் உங்களக் கூப்பிடுறேன்."

வழியைச் சொன்னேன். ஃபோனை வைத்த பிறகு உட்கார முடியவில்லை. ரிங்லெட் ஊரில் உள்ள என் வீட்டில் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்துகொண்டே இருந்தேன். கொதித்த தண்ணீர் வற்றிவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொன்னேனே தவிர, ஏன் ஒரு குறிப்பிட்ட வரியில் அவன் கை நின்று யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு ஃபோன் அழைப்பு போதாது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஈப்போவில் கணினி படித்தேன். மலைக்கு வேலைக்கு வந்தபோது தோட்டத்தில் ஒரே ஒரு கணினி இருந்தது. ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும் இடத்தில் அதற்கு மட்டும் ஏர்கான் அறை கட்டி வைத்திருந்தார்கள். விதியில் ஏர்கான் என்று இருந்ததாம். அதை அணைக்க அனுமதி கேட்டு எழுதியதுதான் என் முதல் அலுவல் கடிதம். அனுமதி வருவதற்குள் ஏர்கான் பழுதாகி, அறை தானாகவே சரியாகிவிட்டது. தலைமையகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதை அப்போதே தெரிந்துகொண்டேன். அதன் பிறகு கற்றதெல்லாம் கணினியைப் பற்றி மட்டும்தான்.

இந்தத் தொலைநிர்வாகம் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். திரை கறுத்துவிட்டது, விசிறி நின்றுவிட்டது. ஆனால் உள்ளே தாய்ப்பலகையில் ஒரு சிறு பகுதி தூங்குவதில்லை. பிளக்கில் மின்சாரமும் நெட்வொர்க் கம்பியும் இருந்தால் அதற்குப் போதும். கோலாலம்பூரில் ஒருவர் கூப்பிட்டால், அது கணினியை எழுப்பி, திரையை அவருக்குக் காட்டி, அவர் தட்டுவதையெல்லாம் இங்கே தட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸுக்கு வித்தியாசம் தெரியாது. மென்பொருள் வழியாக வருபவன் வாசலில் பெயர் எழுதிவிட்டு வருவான். இந்த வழியாக வருபவன் உங்கள் விசைப்பலகையில் உங்கள் கையாகவே உட்கார்ந்துகொள்வான்.

ஆகவேதான் அதை இயக்கி வைப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். கணினியைப் போட்டவுடன், தயாரிப்பாளர் பெயர் திரையில் வரும் அந்தக் கண நேரத்தில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டும். தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உள்ளே போனதும் கடவுச்சொல் கேட்கும். தயாரிப்பாளர் வைத்து அனுப்பும் சொல்லை ஊரறியும். அதை அங்கேயே மாற்றாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. பிறகு வசதியை இயக்க வேண்டும். பிறகு பயனர் சம்மதம்: வேண்டாம், திரைக்கு மட்டும், எல்லாவற்றுக்கும் என மூன்று தேர்வுகள். மூன்றாவதுதான் நம்முடையது. அதற்கும் கீழே, பலர் படிக்காமலே தாண்டிப்போகும் ஒரு வரி இருக்கிறது. இந்தச் சம்மத அமைப்பைத் தொலைவிலிருந்து மாற்ற அனுமதிக்கலாமா என்று கேட்கும். கூடாது என்று வைக்க வேண்டும். தினேஷ், உன் கை நிற்க வேண்டிய இடம் அதுதான்.

எங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு கணினியிலும் நான் அப்படித்தான் வைத்தேன். தலைமையகக் கணினிப் பிரிவுத் தலைவர் சண்முகநாதனுக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதே இல்லை. அவர் எதையும் மறுக்காதவர். மெல்லிய குரல். ஃபோனில் பேசும்போது கரண்டி கோப்பையில் மோதும் ஓசை கேட்கும். தேயிலைக் கம்பெனியின் தலைமையகத்தில் மனிதர் நாள் முழுவதும் குடித்தது பாக்கெட் காப்பி. நாம் என்ன கேட்டாலும் கடைசியில் ஒரே சொல்தான். "பார்க்கிறேன்." அந்தச் சொல்லுக்குள் போன எந்தக் கேள்வியும் நான் அறிந்தவரை திரும்பி வந்ததில்லை.

"மிஸ் லீலா, எங்க பசங்க கூப்பிட்டா அங்க யாரும் ஃபோன் எடுக்க மாட்டேங்கிறாங்க. அந்த ஆறு நம்பருக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

"ஏழாம் பிரிவ மாத்தி எழுதிக் குடுங்க சார், நானும் மாத்திடுறேன்."

"பார்க்கிறேன்."

கோலாலம்பூருக்கு இன்னொரு தடங்கலும் இருந்தது. அதன் பெயர் முனியாண்டி. தொழிற்சாலை அலுவலகத்தில் பியூனாக இருந்தவர், என்னைவிட மூத்தவர். பிற்பகலானால் எங்கள் மலையில் இடி இறங்கும். ஒருமுறை மின்னல் பாய்ந்து ஒரு திரை கருகியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து அலுவலகம் மூடும்போது ஒவ்வொரு பிளக்கையும் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி, கணினி மேல் ஒரு துணியைப் போட்டுவிட்டுத்தான் போவார். பிளக் இல்லாத கணினியைக் கடவுளே கூப்பிட்டாலும் எழுப்ப முடியாது. தலைமையகம் வாராவாரம் "இயந்திரம் இறந்துவிட்டது" என்று எனக்கு எழுதும். நான் போய்ச் செருகிவிட்டு வருவேன். கடைசியில் மின்னல் பாய்ந்தாலும் தாங்கும் பிளக் பலகை ஒன்று வாங்கிப் பொருத்தி, பக்கத்துச் சுவரில் "பிளக்கைப் பிடுங்காதே" என்று தமிழிலும் மலாயிலும் ஒட்டினேன். முனியாண்டி அதைப் படித்துவிட்டு, "ரெண்டு பாஷையில எழுதிட்டா இடி படிச்சிக்குமா மேடம்?" என்று கேட்டார். ஆனாலும் கேட்டுக்கொண்டார்.

அந்த அலுவலகத்தின் கொழுந்து எடைக் கணினி பழசாகிவிட்டதால் கோலாலம்பூரிலிருந்து புதியது ஒன்று வந்தது. பெட்டியிலேயே எல்லாம் அமைத்து அனுப்பியிருந்தார்கள். வழக்கம்போல உள் மெனுவுக்குள் போகப் பார்த்தேன். தயாரிப்பாளர் வைத்த சொல்லும் செல்லவில்லை, நம் தோட்டத்துச் சொல்லும் செல்லவில்லை. என் பொறுப்பில் உள்ள கணினி என்னை உள்ளே விடவில்லை. கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது, சம்மதம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு அன்றைக்கே சண்முகநாதனுக்கு எழுதினேன். பதில் இல்லை. ஃபோன் செய்தேன். பார்க்கிறேன் என்றார்.

இனி பரமேஸ்வரி. அந்தக் கணினியில் உட்காரும் கிராணி. அலுவலக எழுத்தரை இன்னும் நாங்கள் அப்படித்தான் அழைக்கிறோம். பெண் என்றால் கிராணியம்மா. அவள் கணவர் தாப்பா சாலையில் லோரி கவிழ்ந்ததில் கால் ஒடிந்து வீட்டோடு இருப்பவர். எங்கள் தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே சாவிக்கொத்து. வேலை போனால் கம்பெனி வீட்டையும் காலி செய்ய வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டத் தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் இலை அரைக்கும் இயந்திரம், தராசு, லோரி, கணினி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து ஓய்வு கொடுப்பார்கள். மறுநாள் காலை பூஜை முடியும்வரை யாரும் எதையும் இயக்கக் கூடாது. கோலாலம்பூருக்கு அது சாதாரண வேலை நாள். அந்த ஆண்டு நான் கம்போங் ராஜா பக்கம் உள்ள எங்கள் கிளை அலுவலகப் பூஜைக்குப் போயிருந்தேன்.

பூஜைக்குப் பிறகு பார்த்தால், எடைக் கணினியில் அந்த மாதத்துக் கொழுந்துக் கணக்கு இல்லை. அதன் இடத்தில் பழைய மாதத்தது இருந்தது. தலைமையகத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. பூஜை நாள் பிற்பகலில் கணினி இயக்கப்பட்டிருக்கிறது; பரமேஸ்வரி பெயரில், அங்கிருந்த விசைப்பலகையிலிருந்து கணக்கு அழிக்கப்பட்டிருக்கிறது; விளக்கம் கேட்கவும். அந்தக் கணினியைத் திறந்தாலே அவள் பெயரில்தான் திறக்கும். அப்படி அமைத்து அனுப்பியதும் தலைமையகம்தான். அது குறிப்பில் இல்லை.

எடைச் சீட்டுகளை வைத்துக் கணக்கை மறுபடி ஏற்றிவிட்டோம். ஆனால் அழித்தது யார் என்ற கேள்வி நின்றது. மேனேஜர் பரமேஸ்வரிக்கு விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் கொடுத்தார். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை நீக்கம்; வீட்டைக் காலி செய்ய வேண்டிவரும் என்ற அறிவிப்பும் அதோடு இருந்தது.

நான் தொழிற்சாலைக்குப் போனபோது அவள் தரையில் உட்கார்ந்து அலுவலக அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். போகிறவள் செய்கிற வேலை.

"நான் தொடவே இல்லக்கா. பூஜை அன்னைக்கு யாரு தொடுவா? அது தானா முழிச்சிச்சு."

"தானான்னா?"

முனியாண்டிதான் சொன்னார். "ஐயர் ஆரத்தி எடுக்க வந்தாரு. திடீர்னு காத்தாடி ஓடுற சத்தம். ஸ்கிரீன்ல வெளிச்சம் வந்திச்சு. சுத்தி நாலு ஓரமும் செவப்பும் மஞ்சளுமா மின்னிச்சு மேடம், பந்தல்ல லைட்டு போட்ட மாதிரி. நீங்கதான் பூஜைக்கு ஏதோ செட் பண்ணி வச்சிருக்கீங்கன்னு நெனச்சோம்."

"நானா?"

"அழகா இருந்திச்சுலா. ஐயரு அதுக்குத் தனியா ஒரு ஆரத்தி காட்டினாரு. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டோம். உள்ளாற பொட்டி பொட்டியா தொறந்து மூடுச்சு. அப்புறம் அணைஞ்சிருச்சு."

எனக்கு நிற்கத் தோன்றவில்லை. வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தேன். இந்த வசதியின் வழியாக யாராவது தொலைவிலிருந்து திரையைப் பிடிக்கும்போது, உட்கார்ந்திருப்பவருக்கு எச்சரிக்கையாகத் திரையின் ஓரத்தில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி மின்னும். வேறு எதற்கும் அப்படி மின்னாது. கோலாலம்பூரில் யாரோ பழைய பிரதியை எடுத்துப் புதியதன் மேல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், தோட்டத்து லைன் வீட்டு ஜனம் முழுவதும் கூடி நின்று அவருக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறது.

முனியாண்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் புடுங்கியிருந்தா ஒண்ணும் நடந்திருக்காது, இல்ல?"

"நடந்திருக்காது."

"ரெண்டு பாஷையில எழுதி ஒட்டினீங்க" என்றார்.

விசாரணை மேனேஜரின் அறையில். அவர் ஈப்போக்காரர், அதிர்ந்து பேசாதவர். தோட்டத்துப் பெரியவர்கள் அவரையும் துரை என்றே கூப்பிடுவார்கள், அவரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டார். சண்முகநாதன் மேசை மேல் ஸ்பீக்கர் ஃபோனில் இருந்தார். பரமேஸ்வரி நாற்காலியின் விளிம்பில். முனியாண்டி கதவருகே.

கண்ணால் பார்த்தவர்கள் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன்.

"மிஸ் லீலா" என்றது ஃபோன். "சிஸ்டம் ரெக்கார்டுதான் ரெக்கார்டு. ஆரத்தி காட்டினது ரெக்கார்டு இல்லம்மா."

"சரி சார். அப்ப உங்க ரெக்கார்டையே கேட்போம். அந்த மெஷினோட உள் மெனு கடவுச்சொல் யார்கிட்ட இருக்கு?"

கரண்டி ஓசை. "அது பாதுகாப்பு விஷயம்."

"சம்மதம் போட்டிருக்கா, எடுத்திருக்கா?"

"பார்க்கிறேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "மிஸ், நீங்க சொல்றது எனக்குப் புரியல. ஆள் இல்லாம கீபோர்டு எப்படி அடிக்கும்?"

அதற்காகவே என் சொந்த அலுவலகக் கணினியைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்திருந்தேன். கையேட்டின்படி நானே அமைத்தது. பிளக்கைச் செருகினேன், நெட்வொர்க் கம்பியைச் செருகினேன், அணைந்திருப்பதை அவரே தொட்டுப் பார்க்கச் சொன்னேன். பிறகு மடிக்கணினியோடு பக்கத்து அறைக்குப் போனேன்.

அங்கிருந்து எழுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் விசிறி ஓடும் சத்தம். மேனேஜர் ஏதோ முணுமுணுத்தார். திரையைக் கேட்டேன். என் பக்கம் ஒரு கட்டம் வந்து, எண்ணைக் கொடு என்றது.

"சார், உங்க ஸ்கிரீன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். படிங்க."

"எதுக்கு?"

"நீங்க படிக்கலன்னா என்னால உள்ள வர முடியாது. அதுதான் ஏழாம் பிரிவு."

அவர் படித்தார். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல் ஒவ்வோர் எண்ணாக. நான் போட்டேன்.

முனியாண்டியின் குரல் கேட்டது. "இதேதான் துரை. இதே செவப்பு மஞ்சதான். ஆனா அன்னைக்கு நம்பர் கிம்பர் ஒண்ணும் வரல. நேரா உள்ள பூந்திருச்சு."

பக்கத்து அறையிலிருந்தே, அவர் மேசை மேலிருந்த என் கணினியில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, "பரமேஸ்வரி தொடவில்லை" என்று தட்டினேன். திரும்பி வந்தபோது மேனேஜர் தன் இரு கைகளையும் விசைப்பலகையிலிருந்து நன்றாகத் தள்ளி, மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஃபோனில் கரண்டி கோப்பையில் மோதியது. பிறகு கோப்பை தட்டில் வைக்கப்படும் ஓசை. "பார்க்கிறேன்."

மேனேஜர் நியாயமானவர், ஆனால் விதிக்கு உட்பட்டவர். கடிதத்தை நிறுத்தி வைத்தார். ரத்து செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. கணினியை இயக்கியது தாங்கள்தான் என்று தலைமையகம் எழுத்தில் தர வேண்டும். அது வரும்வரை பரமேஸ்வரி வேலை செய்யலாம், வீட்டில் இருக்கலாம். அது எதுவரை என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

தலைமையகம் ஏன் எழுதாது என்று எனக்குத் தெரியும். எழுதினால், ஏழாம் பிரிவை மீறிச் சம்மதத்தை எடுத்தது யார் என்பது அடுத்த கேள்வி. நான் மாதாமாதம் எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் முந்தைய கடிதத்தைச் சுட்டியதால் அவை நீண்டுகொண்டே போயின. பரமேஸ்வரி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கூடத்தில் கட்டி வைத்த பெட்டிகளைச் சுற்றித்தான் நடக்க வேண்டியிருந்தது. தேவையான பாத்திரத்தை எடுப்பாள், சமைப்பாள், கழுவி மறுபடி பெட்டிக்குள் வைப்பாள். "பிரிச்சு அடுக்கிடேன்" என்றேன் ஒருநாள். "அடுக்கினப்புறம் காலி பண்ணச் சொன்னா, அதுக்கு வேற தனியா அழணும்க்கா" என்றாள். அவள் கணவர் பெட்டி மேல் காலை நீட்டிக்கொண்டு, "சோஃபா வாங்கின மாதிரி ஆச்சு" என்றார்.

அதற்குள் எனக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. பிரிவுபசாரம், மாலை, சுவர்க் கடிகாரம். நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாதவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பது ஒரு மரபு.

பொறுப்பு ஒப்படைப்பு என்று ஒரு நடைமுறை உண்டு. ஒவ்வொரு கணினிக்கும் அதன் உள் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் சேர்ப்பித்ததாகக் கையெழுத்திட வேண்டும். எடைக் கணினியின் முறை வந்தபோது நான் கையெழுத்திடவில்லை. "இந்தக் கணினி ஒருபோதும் என் பொறுப்பில் இருந்ததில்லை. கடவுச்சொல்லை வைத்திருப்பவர் பிரிவுத் தலைவர். கையேட்டின்படி, இதில் நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் அவரே" என்று எழுதி, ஒரு பிரதியைத் தணிக்கைப் பிரிவுக்கு அனுப்பினேன். என் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் இருக்கலாம். தணிக்கைக்கு "பார்க்கிறேன்" செல்லாது.

அதன் பிறகும் மாதங்கள் போயின. ரிங்லெட்டில் மழை பெய்தது, நின்றது, பெய்தது. ஃபோன் அடிக்கும்போதெல்லாம் எழுந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு என்னைத் தொழிற்சாலைக்கு அழைத்திருந்தார்கள். போனேன். முனியாண்டி என் அறிவிப்பைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டிருந்தார். எடைக் கணினியின் பிளக்கைப் பிடுங்கி, கம்பியின் நுனியைச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழை இலையில் வைத்து, அதற்கும் சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்.

"இப்ப கூப்பிடச் சொல்லுங்க, பார்ப்போம்" என்றார்.

பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தபோது மேசை ஃபோன் அடித்தது. பரமேஸ்வரி எடுத்தாள். எனக்குக் கேட்கும்படி ரிசீவரைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"சண்முகநாதன் பேசறேன். உங்க விஷயமா ஒரு மெயில் அனுப்பியிருக்கேன். தணிக்கைக்கும் காப்பி போயிருக்கு. திறந்து பார்த்துட்டு, கிடைச்சதுன்னு உடனே பதில் போடுங்க."

அவள் வாழை இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கை அதற்குள் அந்தக் கம்பியை நோக்கி நீண்டிருந்தது. ஒரு வருடமாகக் காத்திருந்த பதில் நான்கடி தூரத்தில் இருந்தது. முனியாண்டி பொரித் தட்டோடு எனக்கும் கம்பிக்கும் நடுவே வந்து நின்றார்.

"இன்னைக்குப் பூஜை சார். மெஷின் படுத்திருக்கு" என்றாள் பரமேஸ்வரி.

"அம்மா, இது முக்கியமான மெயில்."

"நாளைக்குப் பார்க்கிறேன் சார்."

ரிசீவரை வைத்தாள். "ஒரு வருஷம் இருந்தாச்சு. ஒரு ராத்திரி இருக்க மாட்டமாக்கா?" என்றாள். அவள் இருந்தாள். நான்தான் அந்த இரவு முழுவதும் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்தேன்.

மறுநாள் காலை பூஜை முடிந்து, முனியாண்டி தன் கையாலேயே பிளக்கைச் செருகினார். மெயில் மூன்று வரி. குறிப்பிட்ட நாளில் கணினி தலைமையகத்திலிருந்து, பயனர் சம்மத எண் இல்லாமல் இயக்கப்பட்டது. கணக்கு அழிந்ததில் தோட்ட ஊழியர் எவருக்கும் தொடர்பில்லை. திருமதி பரமேஸ்வரிக்குக் கொடுத்த கடிதமும் வீடு குறித்த அறிவிப்பும் ரத்து செய்யப்படுகின்றன.

அவள் இரண்டு முறை படித்தாள். எங்கள் அலுவலகத்தில் மெயிலையும் அச்செடுத்து, வந்த தேதி முத்திரை குத்திக் கோப்பில் போட வேண்டும். அச்செடுத்தாள். முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள்.

"எந்தத் தேதிக்கா போடுறது? நேத்தா, இன்னைக்கா?"

"வந்த நாள். படிச்ச நாள் இல்ல. அதுதான் விதி."

அவள் தேதிச் சக்கரத்தை ஒரு பல் பின்னால் திருப்பி, ஆயுத பூஜையில் நிறுத்தி, அழுத்திக் குத்தினாள்.